பெரிய ஜோடி கையில், பயங்காட்டும் ஃபிளாப் மேசையில்: டோர்னமென்ட்டில் எவ்வளவு துணியலாம்?

பட்டன்சீட்:

வணக்கம். போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்களிடம் நெடுநாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது. கையில் ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ குயின் ஜோடியோ இருக்கிறது. ஃபிளாப்புக்கு (மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டுக்கு) முன்னால் ரெய்ஸ் போட்டு, அதாவது பந்தயத்தை ஏற்றியாயிற்று, எதிரில் ஒருவர் உள்ளே வந்துவிட்டார். இப்போது 10-9-7 என்று விழுகிறது. இல்லையென்றால் மூன்றும் இஸ்பேடாக விழுகிறது. இல்லையென்றால் நம் கிங் ஜோடிக்கு மேலே ஓர் ஏஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேஷ் கேமில் இந்தக் கையை இழந்தால் மறுபடி சிப்ஸ் வாங்கிக்கொள்ளலாம். டோர்னமென்ட்டில் எழுந்து போக வேண்டியதுதான். அப்படியென்றால் எங்கே துணிவது, எங்கே விடுவது?

பொதுப்பேச்சாகப் போய்விடக் கூடாது என்பதால் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு கையை எடுத்துக்கொள்கிறேன். 2010 உலகப் போக்கர் தொடரின் மெயின் ஈவென்ட், லாஸ் வேகஸ் ரியோ ஹோட்டல். 7,319 பேர் தொடங்கியதில் 15 பேர் மிச்சம். மேட் அஃப்லெக் கையில் ஏஸ் ஜோடி, ஜொனதன் டுஹாமெல் கையில் ஜாக் ஜோடி. டுஹாமெல் ரெய்ஸ் போட, அஃப்லெக் மறு ரெய்ஸ் போட, டுஹாமெல் இன்னொரு முறை ஏற்றிச் சுமார் 39 லட்சம் ஆக்கினார். அஃப்லெக் கால் மட்டும் செய்தார், அதாவது ஏற்றாமல் அதே அளவு கட்டினார். ஃபிளாப் 10-9-7, மூன்றும் வெவ்வேறு சூட் (இஸ்பேட், ஆர்ட்டின் போன்ற இனம்). டுஹாமெல் 50 லட்சம் பெட் (பந்தயம்), அஃப்லெக் கால். டர்ன் (நான்காவது சீட்டு) குயின். டுஹாமெல் செக் செய்ய (ஒன்றும் போடாமல் முறையைக் கடத்த), அஃப்லெக் மிச்சமிருந்த சுமார் 1.16 கோடி சிப்ஸையும் உள்ளே தள்ளினார். டுஹாமெல் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கால் செய்தார். ரிவர் (கடைசிச் சீட்டு) 8. ஐந்து சீட்டு வரிசையாகச் சேர்ந்து டுஹாமெலுக்கு ஸ்ட்ரெய்ட். அஃப்லெக் 15வது இடத்தோடு வெளியேறினார். டுஹாமெல் அந்த நவம்பரில் பட்டத்தையே வென்றார்.

அஃப்லெக் ஃபிளாப்பிலேயே எல்லாவற்றையும் போட்டிருக்க வேண்டுமா? அந்த மாதிரி ஃபிளாப்பில் கால் மட்டும் செய்வது சரியா?

நடுராத்திரி:

ஃபிளாப்புக்கே போயிருக்கக் கூடாது. ஏஸ் ஜோடிக்கு எதிரில் மூன்றாவது முறை ரெய்ஸ் வந்தால் அங்கேயே ஆல்-இன், இருக்கும் சிப்ஸ் எல்லாம் உள்ளே. ஜாக் ஜோடிக்காரர் விட்டுவிட்டுப் போயிருப்பார். ஏற்கெனவே பாட்டில் (எல்லோரும் போட்டு நடுவில் சேர்ந்த குவியலில்) கிடந்த சிப்ஸை எடுத்துக்கொண்டு அடுத்த கைக்குப் போயிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

நடுராத்திரி, ஜாக் ஜோடிக்காரர் போய்விட வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்பட வேண்டும்? ஏஸ் ஜோடிக்கு எதிரே ஜாக் ஜோடி நூற்றுக்குச் சுமார் 80 முறை தோற்கும். அவர் உள்ளே இருப்பதுதான் நமக்கு லாபம். 221 கைக்கு ஒருமுறைதான் ஏஸ் ஜோடி கிடைக்கும். அது கிடைக்கும்போது எதிராளியை விரட்டுவது என்பது கிடைத்த வரவைத் திருப்பி அனுப்புவது.

இனி ஃபிளாப். முதலில் பார்க்க வேண்டியது மேசையில் விழுந்த மூன்று சீட்டை இல்லை, பாட்டின் அளவையும் மிச்ச ஸ்டாக்கையும்தான் (ஆட்டக்காரரிடம் இருக்கும் சிப்ஸையும்தான்). இருவரும் 39 லட்சம் போட்டிருக்கிறார்கள். பிளைண்ட், ஆன்ட்டி என்று சீட்டுப் பார்க்கும் முன்பே போடும் கட்டாயத் தொகையையும் சேர்த்தால் பாட் சுமார் 84 லட்சம். அஃப்லெக்கிடம் மிச்சம் சுமார் 1.66 கோடி. அதாவது பாட்டைப் போல இரண்டு மடங்குதான் ஸ்டாக். இந்த விகிதத்தைத்தான் எஸ்.பி.ஆர். என்கிறோம். எஸ்.பி.ஆர். 2 இருக்கும் இடத்தில் ஏஸ் ஜோடியை ஃபோல்டு செய்வது (கையை விட்டுவிடுவது) என்ற பேச்சே கிடையாது. ஃபிளாப் 10-9-7 ஆக இருந்தாலும் சரி.

ஏன் என்று எண்ணிப் பார்த்துவிடலாம். மூன்றாவது ரெய்ஸ் போட்ட ஒருவரிடம் என்னென்ன இருக்கும்? கிங் ஜோடி 6 விதம், குயின் ஜோடி 6, ஜாக் ஜோடி 6. ஏஸ்-கிங் 8 விதம்தான், ஏனென்றால் இரண்டு ஏஸ் நம் கையில். மொத்தம் 26 கை, எல்லாவற்றுக்கும் நாம் முன்னால். நம்மை அடித்திருப்பது செட் (கையிலுள்ள ஜோடியோடு மேசையில் அதே சீட்டு ஒன்றும் சேர்ந்த மூன்று) மட்டும்தான்: 10 ஜோடி 3 விதம், 9 ஜோடி 3, 7 ஜோடி 3. அதிலும் 9 ஜோடி, 7 ஜோடியோடு எல்லோரும் மூன்றாவது ரெய்ஸ் போடுவதில்லை. ஜாக்-8, 8-6 மாதிரி ஸ்ட்ரெய்ட் கைகள் இந்தப் பாட்டுக்குள் வந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. 26-க்கு எதிரே அதிகபட்சம் 9. பார்க்கப் பயமாக இருக்கும் ஃபிளாப் வேறு, நம்மை உண்மையில் அடித்திருக்கும் ஃபிளாப் வேறு.

பட்டன்சீட்:

அண்ணா, எண்ணிக் காட்டியதற்கு நன்றி. அப்படியென்றால் ஃபிளாப்பில் ரெய்ஸ் போட்டுப் பணத்தை உடனே உள்ளே கொண்டுவந்திருக்கலாமே? கால் மட்டும் செய்ததால்தானே டர்னில் அந்தக் குயின் விழுந்து ஜாக் ஜோடிக்கு ஸ்ட்ரெய்ட் டிரா (ஒரு சீட்டு வந்தால் ஸ்ட்ரெய்ட் ஆகும் நிலை) இரண்டு பக்கமும் திறந்தது?

கணக்குப்பிள்ளை:

இதைத்தான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபிளாப்பில் ஜாக் ஜோடிக்கு உதவும் சீட்டுகள்: 8 நான்கு, ஜாக் இரண்டு. இரண்டு சீட்டு மிச்சம் இருக்கும்போது இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. டர்னில் குயின் விழுந்த பிறகு: கிங் நான்கு, 8 நான்கு, ஜாக் இரண்டு, மொத்தம் 10. மிச்சம் 44 சீட்டில் 10 என்றால் 22.7 சதவீதம். ஆக அஃப்லெக் ஃபிளாப்பில் போட்டிருந்தால் முக்கால் பங்கு முன்னிலையோடு போட்டிருப்பார். டர்னில் போட்டபோது 77 சதவீதத்தோடு போட்டார். குயின் விழுந்தது அழகாக இல்லைதான். ஆனாலும் ஒரு சீட்டு கடந்து போய்விட்டதால் அவர் நிலை துளி நன்றாகவே ஆகியிருந்தது.

இன்னொன்று. டர்னில் பாட் சுமார் 1.84 கோடி. அஃப்லெக் 1.16 கோடி போட்டதும் டுஹாமெல் 1.16 கட்டி 3 கோடியை ஜெயிக்கப் பார்க்கிறார். அந்தக் காலுக்கு 28 சதவீதம் வேண்டும். ஏஸ் ஜோடிக்கு எதிரே அவரிடம் இருந்தது 22.7. அஃப்லெக் கையில் சில நேரம் இதைவிட எளிய கையும் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம், அது வேறு. எதிராளி விலைக்குக் குறைவான வாய்ப்போடு பணம் போடும்படி செய்தாயிற்று என்றால் நம் வேலை முடிந்தது. அதற்குமேல் ரிவர் பார்த்துக்கொள்ளும்.

ரிவர்க்கரை:

இந்தக் கையின் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் அஃப்லெக் முகத்தை மறக்க மாட்டார்கள். 15வது இடத்துக்கு அவருக்குக் கிடைத்தது 5,00,165 டாலர், முதல் பரிசு 89,44,310 டாலர். அந்தப் பாட் கையில் வந்திருந்தால் கடைசி ஒன்பது பேர் மேசைக்குப் பெரிய ஸ்டாக்கோடு போயிருப்பார். அத்தனை நாள் ஆடி அந்த இடத்துக்கு வந்த ஒரு மனிதர், சரியாக எல்லாவற்றையும் செய்துவிட்டு ஒரே சீட்டில் வெளியே போகிறார். போக்கரை நேசிக்கிற எவருக்கும் அது வலிக்கும்.

அதனால்தான் இந்த இழை முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த வலியைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு போய் ஏஸ் ஜோடியைப் பொத்திப் பொத்தி ஆட ஆரம்பிக்கிறார்கள்.

மூன்றாம்தெரு:

கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. அஃப்லெக் கை மூன்று ரெய்ஸ் நடந்த பாட். நம்மில் பெரும்பாலோர் ஆடும் டோர்னமென்ட்டில் இது அபூர்வம். வழக்கமாக நடப்பது என்ன? நாம் முன்வரிசை (முதலில் ஆட வேண்டிய) இருக்கையிலிருந்து 2.2 பிளைண்டுக்கு ரெய்ஸ், எல்லோரும் ஃபோல்டு, பிக் பிளைண்ட் (பெரிய கட்டாயத் தொகையைப் போட்ட இருக்கைக்காரர்) மட்டும் கால். அதே 10-9-7. அங்கே 26-க்கு 9 என்ற கணக்கு செல்லாது.

பிக் பிளைண்ட் என்ன வைத்துக்கொண்டு வேண்டுமானாலும் வருவார். அவருக்குக் கிடைக்கும் விலை அப்படி. ஒரே சூட்டில் ஜாக்-8 நான்கு விதம், 8-6 நான்கு விதம். ஒரே சூட்டில் 10-9, 9-7, 10-7 இரண்டிரண்டு. செட் ஒன்பது, அதில் 10 ஜோடியைச் சிலர் முன்பே மறு ரெய்ஸ் போட்டிருப்பார்கள். இதற்குமேல் சூட் மாறிய ஜாக்-8, 10-9 எல்லாமும் கால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து ரெய்ஸ் போட்ட நம்மிடமோ ஒரு ஸ்ட்ரெய்ட் கூட இருக்காது, இரண்டு ஜோடியும் இருக்காது. இந்த ஃபிளாப் அவருடையது.

கணக்குப்பிள்ளை:

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்ல வந்ததே அதுதான், இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஃபிளாப் ஒன்றுதான். பாட் எப்படி உருவானது என்பதும் ஸ்டாக் எவ்வளவு என்பதும்தான் பதிலை மாற்றுகிறது.

உங்கள் உதாரணத்தையே 40 பிளைண்ட் ஸ்டாக்கில் பார்ப்போம். இருவரும் 2.2 போட, சின்ன பிளைண்ட் அரை, ஆன்ட்டி ஒன்று. பாட் 5.9. மிச்சம் 37.8. எஸ்.பி.ஆர். ஆறுக்கு மேல். இந்த இடத்தில் ஏஸ் ஜோடி நல்ல கைதான், ஆனால் முழு ஸ்டாக்கையும் தாங்கும் கை இல்லை. அவர் செக் செய்தால் நானும் அடிக்கடி செக் செய்வேன், சில நேரம் பாட்டில் பாதிக்குமேல் பெட் வைப்பேன். பெட் வைத்து அவர் ரெய்ஸ் போட்டால் கால் மட்டும். மறுபடி நான் ஏற்றினால் குயின்-ஜாக், 8-8 மாதிரி டிராக்களும் ஒற்றை ஜோடிகளும் சில விலகிக்கொள்ளும், செட்டும் ஸ்ட்ரெய்ட்டும் மட்டும் சந்தோஷமாகக் கால் செய்யும். நமக்குக் கீழே இருப்பவரை விரட்டி மேலே இருப்பவரை வைத்துக்கொள்வதில் என்ன பயன்?

டர்னில் ஜாக், 8, 6 மூன்றும் மோசம். ஜாக் விழுந்தால் எந்த 8-க்கும் ஸ்ட்ரெய்ட், கிங்-குயினுக்கும் ஸ்ட்ரெய்ட். 8 விழுந்தால் ஒற்றை ஜாக், ஒற்றை 6 போதும். 6 விழுந்தால் ஒற்றை 8 போதும். இவை விழுந்து அவர் மறுபடியும் பெரிதாக அடித்தால் நான் கையை விட்டுவிடுவேன். 2, 3 மாதிரி சம்பந்தமில்லாத சீட்டு விழுந்தால் இன்னொரு கால்.

அதே கை, 20 பிளைண்ட் ஸ்டாக் என்று வையுங்கள். பாட் அதே 5.9, மிச்சம் 17.8. எஸ்.பி.ஆர். 3. அவர் ரெய்ஸ் போட்டால் எல்லாம் உள்ளே, கண்ணை மூடிக்கொண்டு இல்லை, கணக்குப் பார்த்தே. அவரிடம் டிராவும் ஒற்றை ஜோடியும் போதுமான அளவு இருக்கும், நாம் இழக்கக்கூடியதும் சின்னது.

நடுராத்திரி:

சரி, முன்னே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், ஏஸ் ஜோடிக்குக் கால் செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கிங் ஜோடி? நான் கிங் ஜோடி வைத்திருந்தால் ஏஸ் விழாமல் இருந்ததே இல்லை என்பது போல இருக்கிறது. அதற்காகவே ஃபிளாப்புக்கு முன்பே முடித்துவிடப் பார்க்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

கிங் ஜோடி இருக்கும்போது ஃபிளாப்பில் ஒரு ஏஸாவது விழ 22.5 சதவீதம். நாலைந்து முறைக்கு ஒருமுறை. குயின் ஜோடிக்கு ஏஸோ கிங்கோ விழுவது 41 சதவீதம். ஜாக் ஜோடிக்கு மேல் சீட்டு விழுவது 57 சதவீதம். ஆக ஜாக் ஜோடி வைத்திருப்பவர் மேல் சீட்டு விழும் என்று எதிர்பார்த்தே ஆட வேண்டும், கிங் ஜோடிக்காரர் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

விழுந்துவிட்டால் என்ன என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. கிங் ஜோடி, ஃபிளாப் ஏஸ்-7-2, மூன்றும் வேறு சூட். எதிராளியிடம் ஏஸ் இருந்தால் நமக்கு மிச்சம் இரண்டு கிங்தான், கிட்டத்தட்ட முடிந்தது. ஏஸ் இல்லையென்றால் அவருக்குத்தான் மூச்சு முட்டும்: நடு ஜோடி வைத்திருந்தால் இரண்டு அவுட்ஸ் (கையைக் காப்பாற்றும் சீட்டுகள்), 7 வைத்திருந்தால் ஐந்து. நாம் ஒன்று வெகுதூரம் முன்னால் அல்லது வெகுதூரம் பின்னால். இலவசமாக ஒரு சீட்டுக் கொடுப்பதால் நமக்கு நஷ்டம் அதிகமில்லை. அதனால் ஒரு தெருவை (ஒரு பந்தயச் சுற்றை) செக் செய்துவிட்டுப் பாட்டைச் சின்னதாக வைத்திருப்பது நல்லது. அல்லது பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் வைத்து, கால் வந்தால் பிறகு அடக்கி ஆடுவது. மூன்று தெருவும் நாமே பெரிதாக அடித்துக்கொண்டு போனால் கடைசியில் கால் செய்பவரிடம் ஏஸ்தான் இருக்கும்.

இப்போது ஜாக் ஜோடி, ஃபிளாப் குயின்-6-3 என்று பாருங்கள். இதுவும் ஒரு மேல் சீட்டுதான். ஆனால் கதை வேறு. கிங் நான்கு, ஏஸ் நான்கு, எட்டுச் சீட்டு இன்னும் வெளியே. ஏஸ்-கிங், ஏஸ்-10, கிங்-9 வைத்திருப்பவர் இலவசமாக ஒரு சீட்டுப் பார்த்துவிட்டால் நம்மை முந்துகிறார். இங்கே பெட் வைத்து அவர்களைப் போகச் சொல்ல வேண்டும். ஏஸ் விழுந்த கிங் ஜோடியைவிட குயின் விழுந்த ஜாக் ஜோடிக்குத்தான் காவல் அதிகம் தேவை. பலரும் இதைத் தலைகீழாக ஆடுகிறார்கள்.

ரிவர்க்கரை:

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 2006 மெயின் ஈவென்ட்டின் கடைசிக் கை. பால் வசிக்கா கையில் 10 ஜோடி, ஜேமி கோல்ட் கையில் குயின்-9. ஃபிளாப் குயின்-8-5. கோல்ட் ஆல்-இன் போக வசிக்கா கால் செய்தார், தோற்றார், 1.2 கோடி டாலர் கோல்டுக்குப் போனது. வசிக்காவை அந்தக் காலுக்காகத் திட்டுகிறவர்கள் உண்டு. இருவர் மட்டும் ஆடும்போது எதிராளி எந்த இரண்டு சீட்டோடும் வருவார், அதுவும் கோல்ட் அந்தத் தொடர் முழுக்க ஓயாமல் பேசி ஓயாமல் அடித்தவர். அப்படிப்பட்டவரிடம் ஒரு மேல் சீட்டுக்காக 10 ஜோடியை விடுவது எளிதில்லை. இதே ஃபிளாப்பில் ஒன்பது பேர் மேசையில், முன்வரிசைக்காரர் ஆல்-இன் போனால் நான் விட்டுவிடுவேன்.

மூன்றாம்தெரு:

இன்னொரு விஷயம், அந்தக் கடைசிக் கையில் பரிசு ஏணி கிடையாது. இரண்டாம் பரிசு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அங்கே சிப்ஸும் பணமும் ஒரே வேகத்தில் நகரும். பபிளில் (பரிசு எல்லைக்குச் சற்று முன்னால்) அப்படி இல்லை. யாராவது ஐ.சி.எம். பற்றி எழுதுங்கள், அது இல்லாமல் டோர்னமென்ட் பேச்சே இல்லை.

மட்டுறுத்துநர்:

நல்ல விவாதம், தொடருங்கள். ஒரே ஒரு நினைவூட்டல்: 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை இருக்கிறது. தளங்களின் பெயரோ இணைப்போ இங்கே போட வேண்டாம். ஆட்டத்தின் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

கணக்குப்பிள்ளை:

ஐ.சி.எம். என்பது கையிலிருக்கும் சிப்ஸ் பரிசுப் பணத்தில் எவ்வளவு பெறும் என்று மதிப்பிடும் முறை. சின்ன உதாரணம் போதும். நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு: 50, 30, 20. எல்லோரிடமும் 5,000 சிப்ஸ். ஒவ்வொருவர் பங்கும் 25. நீங்கள் ஒருவரை ஆல்-இன்னில் ஜெயித்து 10,000 ஆனால் உங்கள் பங்கு 50 ஆகிவிடாது. முதல் இடத்துக்கு பாதி வாய்ப்பு, இரண்டாம் இடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாம் இடத்துக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் 38.33. ஜெயித்தால் 13.33 கூடுகிறது, தோற்றால் 25 போகிறது. அந்த ஆல்-இன் சமமாக ஆக வேண்டுமென்றால் 65 சதவீதம் ஜெயிக்க வேண்டும். சிப்ஸ் கணக்கில் 50 போதும் என்ற இடத்தில் 65.

இதைக் கேட்டதும் சிலர் பபிளில் பெரிய ஜோடியைக் கூட விட ஆரம்பிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். மேலே எண்ணிய அதே 10-9-7, அதே மூன்றாவது ரெய்ஸ்காரர். அவரிடம் மூன்று செட்டும் உண்டு என்று வைத்தால்கூட அந்த 35 கைகளுக்கு எதிரே ஏஸ் ஜோடி சுமார் 68 சதவீதம். 10 ஜோடி மட்டும்தான் செட் என்றால் சுமார் 80. கடுமையான பபிள் கணக்கிலேயே இது தேறுகிறது, அதுவும் பாட்டில் ஏற்கெனவே கிடக்கும் சிப்ஸைச் சேர்க்காமல். ஆனால் பிக் பிளைண்ட் கால் செய்த பாட், 40 பிளைண்ட், அவர் டர்னிலும் விடாமல் அடிக்கிறார் என்றால், சிப்ஸ் கணக்கில் நூலிழையில் இருக்கும் கால் ஐ.சி.எம். கணக்கில் தெளிவான ஃபோல்டு. எல்லை அங்கே இருக்கிறது.

பட்டன்சீட்:

மூன்றும் ஒரே சூட் விழுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என்னை அதிகம் குழப்புவது அதுதான்.

மூன்றாம்தெரு:

தம்பி, அதில் முதல் கேள்வி உங்கள் இரண்டு ஏஸில் ஒன்று அந்தச் சூட்டா இல்லையா என்பது. ஃபிளாப் இஸ்பேட் குயின்-8-4 என்று வையுங்கள். உங்களிடம் இஸ்பேட் ஏஸ் இருந்தால் இன்னும் ஒன்பது இஸ்பேட் வெளியே, இரண்டு சீட்டில் ஒன்றாவது விழ 35 சதவீதம், விழுந்தால் உங்களை அடிக்கும் ஃப்ளஷ் (ஐந்து சீட்டும் ஒரே சூட்) கிடையாது. பெட் வைக்கலாம், ரெய்ஸ் வந்தாலும் தாங்கலாம்.

இஸ்பேட் இல்லாத இரண்டு ஏஸ் என்றால் அடக்கம் வேண்டும். எதிராளியிடம் எந்த இரண்டு சீட்டும் இருக்கலாம் என்று வைத்தால், ஏற்கெனவே ஃப்ளஷ் அடித்திருக்க 4 சதவீதம்தான். ஒற்றை இஸ்பேட் வைத்திருக்க 34 சதவீதம். நிஜத்தில் கால் செய்பவர்கள் ஒரே சூட் கைகளை அதிகம் வைத்திருப்பதால் அந்த 4 கூடும். இருந்தாலும் நமக்கு முன்னால் நிற்கும் பெரிய விஷயம் ஒற்றை இஸ்பேட்காரர்தான். அவரிடம் விலை வாங்கச் சின்ன பெட் போதும், பாட்டில் மூன்றில் ஒன்று. இஸ்பேட் கிங் ஒன்று வைத்திருப்பவர் கால் செய்துவிடுவார். பெரிதாக அடித்தால் சின்ன இஸ்பேட் எல்லாம் ஓடிவிடும், ஃப்ளஷ் மட்டும் நிற்கும். நான்காவது இஸ்பேட் விழுந்தால் அதற்குமேல் ஒரு சிப் கூட நானாகப் போடமாட்டேன்.

நடுராத்திரி:

மூன்று நான்கு பேர் உள்ளே இருந்தால்?

மூன்றாம்தெரு:

அப்போது ஏஸ் ஜோடி பாதி மதிப்புக்கு வந்துவிடும். ஒருவருக்கு எதிரே, அவர் கையில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால், 85 சதவீதம். நான்கு பேருக்கு எதிரே சுமார் 56. அதுவும் ஃபிளாப்புக்கு முன்னால். 10-9-7 விழுந்து, ஒருவர் பெட், இன்னொருவர் ரெய்ஸ், நம் முறை வந்தால் நான் ஏஸ் ஜோடியை விட்டுவிடுவேன், வருத்தமே இல்லாமல். அதனால்தான் ரெய்ஸ் அளவை முதலிலேயே சரியாகப் போட வேண்டும். இரண்டு பேர் சும்மா உள்ளே வந்திருந்தால் 2.2 எல்லாம் போதாது.

ரிவர்க்கரை:

நல்ல ஃபிளாப்பும் ஆளைக் கொல்லும் என்பதையும் பதிந்துவைக்கிறேன். 2017 மெயின் ஈவென்ட், முதல் லெவல். வனெஸா செல்ப்ஸ்டிடம் ஏஸ் ஜோடி, கேயல் பாமனிடம் 7 ஜோடி. ஃபிளாப் ஏஸ்-7-5, டர்ன் 7. செல்ப்ஸ்டுக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஏஸும் ஒரு ஜோடியும்), பாமனுக்கு நான்கு 7. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே. அந்தக் கையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. பயப்பட வேண்டிய இடம் எது என்று ஃபிளாப்பின் நிறம் மட்டும் சொல்லிவிடாது.

பட்டன்சீட்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கையைச் சொல்கிறேன், இதுவரை பேசியதை வைத்து எப்படி ஆடலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள். 30 பிளைண்ட் ஸ்டாக், பரிசுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. பட்டனுக்கு (டீலர் இருக்கைக்கு) முந்தைய இருக்கையில் எனக்குக் குயின் ஜோடி. 2.2 ரெய்ஸ். பட்டனும் பிக் பிளைண்டும் கால். ஃபிளாப் கிங்-ஜாக்-9, இரண்டு ஆர்ட்டின். என்னிடம் ஆர்ட்டின் குயின் இல்லை. பிக் பிளைண்ட் செக்.

கணக்குப்பிள்ளை:

செக் செய்யுங்கள் தம்பி. இரண்டு பேர், கிங்-ஜாக்-9. இங்கே பெட் வைத்தால் கால் செய்யும் கைகளில் பெரும்பாலானவை கிங் அல்லது நல்ல டிரா.

பாட் 8.1. பட்டன் 4 பிளைண்ட் பெட் வைத்து, பிக் பிளைண்ட் ஃபோல்டு என்றால், நீங்கள் 4 கட்டி 12.1 ஜெயிக்கப் பார்க்கிறீர்கள். 25 சதவீதம் வேண்டும். 10 நான்கு, குயின் இரண்டு, ஆக ஆறு சீட்டு உதவும். டர்னில் அது சுமார் 13 சதவீதம்தான். ஆனால் இருவர் செக் செய்ததைப் பார்த்து பட்டன் ஜாக் ஜோடியோடும் வெறும் டிராவோடும் அடிப்பது உண்டு, அங்கெல்லாம் நீங்கள் முன்னால். இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு பெட்டுக்குக் கால் நியாயம்.

மூன்றாம்தெரு:

பிக் பிளைண்டும் கால் செய்தால்?

கணக்குப்பிள்ளை:

ஃபோல்டு. இருவரில் ஒருவரிடமாவது கிங் இருக்கும், ஆறு அவுட்ஸும் சுத்தமானவை இல்லை. 10 விழுந்தால் ஏஸ்-குயின்காரருக்கு நம்மைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட், ஆர்ட்டின் 10 என்றால் ஃப்ளஷும் சேர்ந்துகொள்ளும். குயின் விழுந்தால் எந்த 10-க்கும் ஸ்ட்ரெய்ட். பட்டன் மட்டும் இருக்கும்போது கால் செய்து, டர்னில் வெறும் 3 விழுந்து அவர் மறுபடி பெரிதாக அடித்தாலும் ஃபோல்டுதான். அதற்குப் பிறகும் உங்களிடம் 24 பிளைண்ட் மிச்சம் இருக்கிறது, மேசையில் எல்லோரையும் ஆட்டிவைக்க அது தாராளம்.